வெளிநாட்டில உள்ளகப் பயிற்சி: யாழ்ப்பாணத்திலிருந்து எங்க தொடங்கிறது?

அறிவியல்நகர்_மின்

எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சி பொறியியல் பீடம், மின் மின்னணுத் துறை, மூன்றாம் வருடம். அடுத்த வருடப் பயிற்சிக் காலத்தில மூண்டு மாதமாவது வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒண்டிலயோ கொம்பனியிலயோ செய்யலாமா எண்டு பாக்கிறன். ஜேர்மனி, சிங்கப்பூர், ஜப்பான், எதெண்டாலும் சரி.

எப்ப தொடங்க வேணும்? இலங்கையில படிக்கிற ஆக்கள் விண்ணப்பிக்கக்கூடிய திட்டங்கள் எவை? ஐஈஎல்டிஎஸ் கட்டாயமா? ரவுணில ஒரு நிறுவனம் "ஜேர்மனியில சம்பளத்தோட பயிற்சி" எண்டு முற்பணம் கேக்குது, குடுக்கலாமா? பெண்பிள்ளை தனியப் போறபடியா தங்குமிடத்தைப் பற்றியும் வீட்டில கேக்கினம்.

கந்தர்மடம்_சந்தி

தங்கச்சி, முற்பணம் குடுக்காதீங்கோ. அதை வேற ஆரும் விரிவா எழுதுவினம்.

எந்த நாடு எண்டதை இப்போதைக்கு விடுங்கோ. முதல்ல உங்கட பீடத்தின்ர பாடத்திட்டக் கையேட்டை எடுத்து, பயிற்சி பட்டத்துக்குக் கட்டாயமா, எத்தனை வாரம், எத்தனை திறமைப்புள்ளி எண்டு பாருங்கோ. போற நாட்டில உங்களை எந்த வகை விசாவுக்குள்ள போடுறது, சம்பளச் சட்டம் பொருந்துமா, தொழில் அனுமதி ஆர் எடுக்கிறது எல்லாம் அந்த ஒரு விசயத்தில தங்கியிருக்கு. "பட்டத்தின் பகுதியாகக் கட்டாயம்" எண்டு பீடம் எழுதித் தந்தால் ஒரு பாதை. "மாணவர் விரும்பிப் போகிறார்" எண்டு எழுதினால் வேற பாதை. கடிதத்தில ஒண்டும் விண்ணப்பப் படிவத்தில இன்னொண்டும் இருந்தால் விசா அதிகாரி அதிலயே நிப்பாட்டிப்போடுவார்.

பீடத்துக் கடிதத்தில இருக்க வேண்டியவை: கடவுச்சீட்டில உள்ளபடி முழுப்பெயர், பதிவிலக்கம், எத்தனையாவது அரையாண்டு, பயிற்சி எந்த விதியின் கீழ் கட்டாயம், குறைந்தது எத்தனை வாரம், பயிற்சி முடிஞ்சு திரும்பிவந்து எந்த அரையாண்டைத் தொடருவார், பொறுப்பான விரிவுரையாளரின் பல்கலைக்கழக மின்னஞ்சல். தலைப்புத்தாளில ஆங்கிலத்தில, பீடாதிபதி கையொப்பமும் முத்திரையும். "திரும்பி வந்து தொடருவார்" எண்ட வரியைக் கனபேர் விட்டுவிடுகினம். படிப்பு முடியாத ஒருவர் திரும்பி வருவார் எண்டதுக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் உங்களிட்டை இல்லை.

நைற்றா (அரசின்ர தொழிற்பயிற்சி அதிகாரசபை) ஊடாகப் பதியிற பயிற்சி எண்டால் இடம் கிடைக்க முதலே துறையின் பயிற்சிப் பொறுப்பாளரிட்டைக் கேளுங்கோ: வெளிநாட்டு ஆய்வுகூடம் ஏற்கப்படுமா, குறிப்பேட்டில ஆர் கையொப்பம் வைக்கிறது, மேற்பார்வை எப்பிடி நடக்கும். பதிலை எழுத்தில எடுங்கோ. ஆய்வுகூட வேலையை "கைத்தொழில்" எண்டு எடுக்க மாட்டம் எண்டு பிறகு சொன்னால் மூண்டு மாதமும் வீண்.

காலத்தைப் பின்னுக்கிருந்து எண்ணுங்கோ. யூனில தொடங்கிறதெண்டால் விசா விண்ணப்பம் மார்ச் கடைசிக்குள்ள, அதுக்கு ஒப்பந்தம் பெப்ரவரியில, அதுக்கு விண்ணப்பங்கள் நவம்பரிலிருந்து ஜனவரிக்குள்ள, அதுக்குச் சீவி (சுயவிபரக்கோவை), பெறுபேற்றுப் பத்திரம், கடவுச்சீட்டு எல்லாம் ஒக்டோபரில கையில. எங்கட பரீட்சை அட்டவணை தள்ளிப்போறது புதிசில்லை. அதால "யூன் 1" எண்டு ஒரு நாளைக் குடுக்காமல் "யூன் நடுப்பகுதியிலிருந்து யூலை நடுப்பகுதிக்குள் தொடங்கலாம்" எண்டு முதலே எழுதி வையுங்கோ.

வல்லைவெளி

திட்டங்களைப் பற்றி நான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் நேரத்தை வீணாக்கும் இரண்டு. இணையத்தில் "சிறந்த பத்து உள்ளகப் பயிற்சிகள்" என்று தேடினால் ஜேர்மனியின் டாட் றைஸ் திட்டமும் கனடாவின் மைற்றாக்ஸ் குளோபலிங்க்கும் முதலில் வரும். றைஸ் அமெரிக்க, கனடிய, பிரித்தானிய, அயர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களுக்கானது. ரொறன்ரோவில் படிக்கும் உங்கள் மச்சாள் போகலாம், நீங்கள் முடியாது. மைற்றாக்ஸின் நாட்டுப் பட்டியலில் இந்தியா இருக்கிறது, இலங்கை இல்லை. தகுதிப் பக்கத்தை வாசிக்காமல் கட்டுரை எழுதத் தொடங்காதீர்கள்.

எங்களுக்குத் திறந்திருப்பவை:

ஜப்பானின் ஒக்கினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகம், சுருக்கமாக ஓஐஎஸ்ரி. எந்த நாட்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். விமானச் சீட்டு, தங்குமிடம், நாட்படி மூன்றும் அவர்களே தருகிறார்கள். வருடத்துக்கு இரண்டு சுற்று, முடிவுநாள்கள் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஒக்டோபர் நடுப்பகுதியிலும் வரும். எந்த ஆய்வுக்குழுவில் வேலை செய்ய விருப்பம், ஏன் என்பதே விண்ணப்பத்தின் உயிர்.

சுவிற்சர்லாந்தின் லொசானில் இருக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஈபீஎஃப்எல். பொறியியலுக்கு ஈ-3 என்ற கோடைகாலத் திட்டம் இருக்கிறது, கணினி அறிவியலுக்குத் தனித் திட்டம். இரண்டுக்கும் டிசெம்பரை முடிவு மாதமாக எண்ணி வேலை செய்யுங்கள்.

ஒஸ்ரியாவில் வியன்னாவுக்கு அருகே இருக்கும் ஐஎஸ்ரிஏ என்ற அறிவியல் ஆய்வு நிறுவனம். 8 முதல் 12 வாரக் கோடைப் பயிற்சி, உதவித்தொகையோடு. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம்.

ஜெனீவாவில் இருக்கும் ஐரோப்பியத் துகள் பௌதிக ஆய்வுகூடம், சேர்ன். உறுப்பு நாடு அல்லாத நாட்டு மாணவர்களும் எடுக்கப்படுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் முடித்திருக்க வேண்டும், விண்ணப்பம் ஜனவரி கடைசியில் மூடும். பௌதிகம் படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைத்து எங்கள் பக்கத்து மின், கணினி மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். பொறியியலும் கணினியும் அங்கே நிறையத் தேவை.

சிங்கப்பூர் அரசின் ஆய்வு முகவரகமான ஏ-ஸ்ரார் நடத்தும் சிப்கா என்ற பயிற்சித் திட்டம். இரண்டிலிருந்து ஆறு மாதம், மாதம் 1,500 சிங்கப்பூர் டொலர். பெறுபேறு உயர்வாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் தனியார் கொம்பனி ஒன்று எடுத்தால் பயிற்சி அனுமதியைக் கொம்பனிதான் விண்ணப்பிக்கும், மூன்று மாதம்தான், நீடிக்க முடியாது. "வந்து சேர், பிறகு மாற்றலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடம் வேண்டாம்.

ஐஏஈஎஸ்ரிஈ பற்றியும் ஒரு வார்த்தை. தொழில்நுட்ப மாணவர்களின் பயிற்சிக்காக 1948இல் தொடங்கிய பரிமாற்ற அமைப்பு. ஒரு நாடு வெளிநாட்டு மாணவருக்கு எத்தனை இடம் தேடிக் கொடுக்கிறதோ அதற்கேற்பத்தான் அந்த நாட்டு மாணவருக்கு இடம் வரும். வடக்கில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனமோ ஆய்வுகூடமோ ஒரு வெளிநாட்டு மாணவரை ஏற்கத் தயார் என்றால் அது எங்கள் பிள்ளை ஒருவருக்கு வெளியே இடம். துறைத் தலைவர்கள் இதைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஐசெக் என்ற சர்வதேச மாணவர் அமைப்பும் அதே வருடம் தொடங்கியது. ஆனால் அதில் தொண்டுப் பயணம் வேறு, தொழிற்பயிற்சி வேறு. ஆறு வாரத் தொண்டுப் பயணத்தைப் பீடம் பயிற்சியாக எடுக்குமென்று எண்ண வேண்டாம்.

நாவற்குழி

வல்லைவெளி சொன்ன திட்டங்கள் நல்லவை. ஆனா ஒவ்வொண்டுக்கும் உலகம் முழுக்க விண்ணப்பம் வருது. அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. நேர பேராசிரியருக்கு எழுதி எடுக்கிற இடங்கள்தான் எங்கட பிள்ளையளுக்குக் கூடச் சரிவாறது.

மின்னஞ்சல் எழுதிற விதம் முக்கியம். "மதிப்புக்குரிய ஐயா, உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில்..." எண்டு தொடங்கினால் அடுத்த வரியை ஆரும் வாசிக்க மாட்டினம். தலைப்பில உங்கட துறை, எந்த மாதங்கள், எத்தனை வாரம் எண்டு இருக்க வேணும். முதல் பந்தியில நீங்கள் ஆர், எந்த வருடம், பயிற்சி பட்டத்துக்குக் கட்டாயம் எண்டது, ரெண்டு வசனம். ரெண்டாம் பந்தியில அவையின்ர அண்மைக் கட்டுரை ஒண்டைச் சொல்லி, அதில எந்தப் பகுதியில உங்களால என்ன செய்யேலும் எண்டு. "உங்கள் ஆய்வு சுவாரசியமானது" எண்டது எல்லாருக்கும் பொருந்தும், அதால ஒருத்தருக்கும் பொருந்தாது. "மின்கல வெப்பநிலைக் கணிப்பை நீங்கள் செய்த அதே தரவில் நான் கல்மன் வடிகட்டியால் செய்துபார்த்தேன், வழு இந்தப் பகுதியில் கூடுகிறது" எண்டு ஒரு வசனமும் ஒரு படமும் இருந்தால் பதில் வரும். மூண்டாம் பந்தியில பணம்: உதவித்தொகை தேவையா, வேற வழி இருக்கா எண்டு நேர சொல்லுங்கோ. மொத்தம் 200 சொல்லுக்கு மேல போகக் கூடாது. சீவி ஒரு பக்கம், பெறுபேறு, ரெண்டையும் ஒரே பீடிஎஃப்பா இணையுங்கோ. பல்கலைக்கழக மின்னஞ்சலில இருந்து அனுப்புங்கோ.

ஒரே துறையில நாலு பேராசிரியருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் அவை மதியச் சாப்பாட்டில கதைப்பினம், நாலும் போச்சு. ஒரு துறைக்கு ஒருவர். பத்து நாளில பதில் இல்லாட்டி ஒருக்கா நினைவூட்டல், பிறகு விடுங்கோ. ஓகஸ்டிலயும் நத்தாருக்கு ரெண்டு கிழமையும் ஐரோப்பாவில பதில் வராது. செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் வரை நல்ல காலம்.

ஐஈஎல்டிஎஸ்: கனக்க ஆய்வுகூடங்கள் கேக்கிறதில்லை. ஆங்கில மொழிமூலம் படிக்கிறார் எண்டு பதிவாளர் கிளை தாற கடிதம் போதும். திட்டம் ஒண்டு கேட்டால் மட்டும் எழுதுங்கோ, யாழ்ப்பாணத்திலயே எழுதலாம்.

கந்தர்மடம்_சந்தி

நாவற்குழி, நேர எழுதிறதில ஒரு பொறி இருக்கு. பேராசிரியர் "வா" எண்டு மின்னஞ்சலில சொன்னது அழைப்புக் கடிதம் இல்லை. நிறுவனத்தின்ர ஆளணிப் பிரிவோ சர்வதேச அலுவலகமோ தாற, திகதி, மணித்தியாலம், கொடுப்பனவு, காப்புறுதி, மேற்பார்வையாளர் எல்லாம் உள்ள ஒப்பந்தம்தான் விசாவுக்குச் செல்லும். பேராசிரியர் ஓம் எண்டவுடன "உங்கள் அலுவலகத்தில் யார் இதைச் செய்வார்?" எண்டு கேளுங்கோ. இதைக் கேக்காமல் ஏப்ரல் வரை சந்தோசமா இருக்கிறதாலதான் கன இடம் கைநழுவிப் போகுது.

நாவற்குழி

அது சரி, ஒத்துக்கொள்ளுறன். திட்டங்களில அந்த வேலையை அவையே செய்துபோடுவினம்.

பண்ணைக்கடல்

ஜேர்மனி கேட்டபடியால் அதைத் தனியாக எழுதுகிறேன்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர் படிப்போடு தொடர்புள்ள பயிற்சிக்கு 12 மாதம் வரை போகலாம். நான்கு அரையாண்டு முடித்திருக்க வேண்டும். நீங்கள் மூன்றாம் வருடம் என்பதால் சரி. வழமையான தொழில் அனுமதிக்குப் பதிலாக, சமஷ்டி வேலைவாய்ப்பு முகவரகத்தின் சாவ் என்ற பிரிவு இதற்கு உடன்பாடு கொடுக்க வேண்டும். படிவம், பீடச் சான்று, வாரவாரியான பயிற்சித் திட்டம் போகும். இந்தப் பயிற்சித் திட்டத்தில்தான் பலது சறுக்குகிறது. "மென்பொருள் வேலைகளில் உதவுவார்" என்று எழுதினால் அது படிப்புத் தொடர்பான பயிற்சியா மலிவான வேலையா என்று அவர்களுக்குத் தெரியாது. முதல் இரண்டு வாரம் என்ன கருவி, மூன்றிலிருந்து ஆறு வரை என்ன அளவீடு, யார் கற்பிக்கிறார், கடைசியில் என்ன அறிக்கை என்று இருக்க வேண்டும்.

சம்பளம்: கட்டாயப் பயிற்சிக்கு ஜேர்மன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பொருந்தாது. விரும்பிச் செய்யும் பயிற்சி மூன்று மாதத்தைத் தாண்டினால் முதல் நாளிலிருந்தே பொருந்தும். 2026இல் அது மணிக்கு 13.90 யூரோ. அதனால்தான் பல கொம்பனிகள் "கட்டாயம் என்று சான்று இருக்கிறதா?" என்று முதல் கேள்வியாகக் கேட்கின்றன. பாடத்திட்டத்தில் 12 வாரம் மட்டும் கட்டாயம் என்று இருந்து நீங்கள் 24 வாரம் கேட்டால் மிச்சப் 12 வாரம் விரும்பிச் செய்வதாகிவிடும். கையேட்டில் உள்ள வார எண்ணிக்கையைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

தங்குமிடம்: உறவினர் வீட்டில் நிற்கலாம், ஆனால் குடிபுகுந்து இரண்டு கிழமைக்குள் நகரசபையில் முகவரி பதிய வேண்டும். அதற்கு வீடு தருபவர் கையொப்பமிட்ட படிவம் வேண்டும். மாமா வாடகை வீட்டில் இருந்தால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். "சும்மா வந்து நில்லு பிள்ளை" என்பது அன்பு, ஆனால் பதிவு இல்லாவிட்டால் வங்கிக் கணக்குக்கூடச் சிக்கல். தனியறை எடுத்தால் முற்பணம் மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம், அதற்கு மேல் சட்டம் விடாது. அறையைப் பார்க்காமல் பணம் அனுப்பச் சொல்பவர்களைத் தவிருங்கள். மாணவர் விடுதியில் கோடையில் போகும் மாணவர்கள் தங்கள் அறையை இடைக்கால வாடகைக்கு விடுவார்கள், பெண்பிள்ளைக்கு அதுவே நல்லது. ஆய்வுகூடச் செயலாளரிடம் கேட்டால் வழி சொல்வார்.

பிரான்சிலும் இதே மாதிரிப் பிடி: பல்கலைக்கழகம், நிறுவனம், மாணவர் மூவரும் கையொப்பமிட்ட பயிற்சி ஒப்பந்தம் இல்லாமல் பயிற்சியே இல்லை. இரண்டு மாதத்துக்கு மேல் என்றால் கொடுப்பனவு கட்டாயம். பாரிசின் லாச்சப்பலில் சித்தப்பாவின் கடையில் நிற்பதைப் பயிற்சி என்று காட்ட நினைக்க வேண்டாம்.

ஆரியகுளம்_2

பேர் விசயம் ஒருதரும் எழுதேல்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளையளுக்கு முதல் அடி விழுறது அதிலதான்.

தகப்பன் பேர் சிவகுமாரன், பிள்ளை துவாரகா எண்டு வைப்பம். பிறப்புச் சான்றிதழ் தமிழில. மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில "டீ-எச்"சில தொடங்குவார். ஓஎல் சான்றிதழில "டீ" மட்டும். அடையாள அட்டையில வேற எழுத்து. பல்கலைக்கழகத்தில "எஸ். துவாரகா" எண்டு முதலெழுத்து. கடவுச்சீட்டில சிவகுமாரன் குடும்பப்பேர், துவாரகா மற்றப்பேர். வெளிநாட்டு ஆளணிப் பிரிவு "மிஸ் சிவகுமாரன்" எண்டு ஒப்பந்தம் எழுதும், பீடக் கடிதத்தில "மிஸ் எஸ். துவாரகா" எண்டு இருக்கும். அவைக்கு இது ரெண்டு ஆக்கள்.

கடவுச்சீட்டில உள்ள எழுத்தை அடிப்படையா வைச்சு மற்றதெல்லாத்தையும் அதுக்கு ஒத்துவரப் பண்ணுங்கோ. மொழிபெயர்ப்புக்குக் குடுக்கேக்கை கடவுச்சீட்டுப் பிரதியையும் குடுத்து அதே எழுத்தில எழுதச் சொல்லுங்கோ, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்து தருவார். பீடக் கடிதத்தில முதலெழுத்தை விரிச்சு எழுதச் சொல்லுங்கோ. விமானச் சீட்டும் அதே மாதிரி.

கடவுச்சீட்டுக்கு முந்தி வவுனியாவோ கொழும்போ போக வேணும். 2025 செப்டெம்பரில யாழ் மாவட்டச் செயலகத்திலயே குடிவரவு குடியகல்வுக் கிளை திறந்திட்டினம். வெளிநாட்டமைச்சின்ர கொன்சியூலர் பிராந்திய அலுவலகமும் அங்கதான். சான்றிதழ் அத்தாட்சிப்படுத்த நேர அங்க போகாதீங்கோ: ஓஎல், ஏஎல் எண்டால் முதல்ல பரீட்சைத் திணைக்களம் உறுதிப்படுத்த வேணும், அதுக்குப் பிறகுதான் கொன்சியூலர். இந்த வரிசையை மாத்தினால் ஒருநாள் லீவு வீண்.

ஷெங்கன் நாடுகளுக்குக் குறுங்கால விசா எண்டால் கடவுச்சீட்டு திரும்புற நாளுக்குப் பிறகும் மூண்டு மாதம் செல்லுபடியா இருக்க வேணும், ரெண்டு வெற்றுப் பக்கம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி.

மருத்துவபீடம்_4

இடையில ஒரு கேள்வி. நாங்கள் தெரிவுப் பயிற்சிக்கு (மருத்துவ மாணவர் விரும்பின ஆஸ்பத்திரியில கொஞ்சக் காலம் பழகிறது) இங்கிலாந்து போறதெண்டால் என்ன விசா?

வல்லைவெளி

சாதாரண வருகையாளர் விசா. வெளிநாட்டு மருத்துவ மாணவருக்குத் தெரிவுப் பயிற்சி அதில் அனுமதிக்கப்பட்ட செயல். நிபந்தனை: சம்பளம் இல்லை, நோயாளிக்குச் சிகிச்சை செய்யக்கூடாது, ஏற்கும் இடத்தின் கடிதத்தில் இரண்டும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இதைவிட முக்கியம் தடுப்பூசி. ஈரல் அழற்சி பீ மூன்று ஊசி: 0, 1, 6ஆம் மாதங்களில். மூன்றாவதுக்கு ஒன்றிரண்டு மாதத்தின் பின் எதிர்ப்புடல் அளவு பார்க்க வேண்டும், 10க்குக் குறையக் கூடாது. அதாவது எட்டு மாதம். இடம் கிடைத்தபின் தொடங்கினால் முடியாது. காசநோய், சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா பதிவுகளையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

பண்ணைக்கடல்

இனி முற்பணம் கேட்கும் நிறுவனம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் செய்ய முடியாத காரியம். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இணையத்தளத்தில் உரிம இலக்கத்தைப் பார்க்கலாம். "இது வேலை இல்லை, பயிற்சி, அதனால் உரிமம் தேவையில்லை" என்பார்கள். அப்படியானால் எந்தக் கொம்பனி, ஒப்பந்தம் எங்கே, சாவ் உடன்பாடு எங்கே என்று கேளுங்கள். மூன்றும் பணத்துக்குப் பிறகுதான் வரும் என்றால் எழும்பி வந்துவிடுங்கள். உண்மையான ஆய்வுகூடமோ கொம்பனியோ பயிற்சி மாணவரிடம் பணம் வாங்காது.

தாய்லாந்தில் "தரவு உள்ளீடு", "வாடிக்கையாளர் சேவை" பயிற்சி என்று வந்தால் தொடவே வேண்டாம். அங்கே இறக்கி எல்லை கடத்தி மியன்மாரின் மியாவடிப் பக்கம் இணைய மோசடி முகாம்களில் அடைத்த இலங்கைப் பிள்ளைகளை மீட்க அரசுகள் தலையிட வேண்டி வந்தது. கணினி தெரிந்த, ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளைத்தான் தேடுகிறார்கள்.

நாவற்குழி

காசு விசயத்தில ரெண்டு. விசாவுக்கு முதல் கிழமை சித்தியின்ர காசைக் கொண்டுவந்து கணக்கில போட்டால் அது ஆதாரமில்லை, சந்தேகம். ஆறு மாதக் கூற்றில காசு மெல்ல மெல்லச் சேர்ந்திருக்க வேணும். பெரிய வைப்பு இருந்தால் நிலையான வைப்பு முறிச்சதோ, காணி வித்ததோ, பத்திரத்தோட காட்டுங்கோ. வெளிநாட்டில இருந்து மாமா உதவுறார் எண்டால் வங்கி ஊடாக அனுப்பச் சொல்லுங்கோ. உண்டியலில வந்த காசுக்கு ஒரு துண்டும் இல்லை, விசா மேசையில அது இல்லாத காசு.

கொடுப்பனவு முதல் மாதக் கடைசியிலதான் வரும். அதால முதல் ஆறு கிழமைச் செலவு, வாடகை முற்பணத்தோட சேர்த்து, கையில வேணும்.

ஆரியகுளம்_2

போகாமலே செய்யிற வழியும் இருக்கு. திறந்த மூல மென்பொருள் குழுக்களோட வீட்டிலிருந்தே வேலை செய்யிற கூகிள் சமர் ஒஃப் கோட் 2005இல தொடங்கினது, 2022இலிருந்து மாணவர் அல்லாதவைக்கும் திறந்திட்டினம். மார்ச், ஏப்ரலில முன்மொழிவு போகும், ஆனா மென்பொருள் குழுவில டிசெம்பரிலிருந்தே சின்னத் திருத்தங்கள் செய்து பழகியிருந்தால்தான் எடுப்பினம். மொறட்டுவப் பல்கலைக்கழகப் பிள்ளையள் வருசா வருசம் கனபேர் போறது அந்தப் பழக்கத்தாலதான், அவைக்கு விசேட வாசல் ஒண்டும் இல்லை. அதே மாதிரித் திட்டமான அவுட்ரீச்சியும் பாருங்கோ, மூண்டு மாதத்துக்கு 7,000 அமெரிக்க டொலர்.

கந்தர்மடம்_சந்தி

நல்ல வழி, ஆனா இதை நைற்றாப் பயிற்சிக்குப் பதிலா எடுப்பினம் எண்டு எண்ணாதீங்கோ. மின் துறைக்கு வன்பொருளில கை வைக்கிற அனுபவம் வேணும். அடுத்த வருட விண்ணப்பத்துக்குச் சீவியில ஒரு நல்ல வரியா இது நிக்கும்.

அறிவியல்நகர்_மின்

எல்லாருக்கும் நன்றி. கையேட்டில பாத்தன், பயிற்சி கட்டாயம் எண்டுதான் இருக்கு. அப்ப இந்த மாதம் எது முதல்ல?

கந்தர்மடம்_சந்தி

திங்கள் பயிற்சிப் பொறுப்பாளரைச் சந்திச்சு ஆய்வுகூடம் ஏற்கப்படுமா எண்டு எழுத்தில கேளுங்கோ. அதே நாள் பெறுபேற்றுப் பத்திரத்துக்கு விண்ணப்பியுங்கோ, மேலதிகமா ரெண்டு பிரதி. கடவுச்சீட்டுப் பேரையும் பல்கலைக்கழகப் பேரையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. ஒக்கினாவா சுற்றுக்கு இன்னும் நாள் இருந்தால் அதை முதல் விண்ணப்பமா வையுங்கோ, பரிந்துரைக் கடிதத்துக்கு விரிவுரையாளருக்கு மூண்டு கிழமையாவது குடுங்கோ. எழுதின மின்னஞ்சலை அனுப்ப முதல் இஞ்ச போடுங்கோ, பேரை மறைச்சு. பாத்துச் சொல்லுறம்.